அஞ்சு மைலும் அஞ்சு மீலும்

மிலான்-கோர்ட்டினா குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நேரம். ஒஸ்லோவில் இருக்கும் அக்காவின் மகள் வட்ஸ்அப்பில் அம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தாள். பனிச்சறுக்கு என்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். "அம்மம்மா, இந்த முறை பொம்பிளையளுக்கும் அஞ்சு மீல். ஆம்பிளையளுக்குச் சமன்!" என்று குதித்தாள்.

அம்மா அசரவில்லை. "அஞ்சு மைல்தானே பிள்ளை. இங்கயிருந்து சாம்பல்தீவு. அதை நாங்கள் நடந்தே போய் வந்தனாங்கள்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. திருகோணமலை நகரத்திலிருந்து சாம்பல்தீவு ஏறக்குறைய 5 மைல், அதாவது 8 கிலோமீற்றர். ஆனால் பிள்ளை சொன்னது மைல் அல்ல, மீல். நோர்வேயிலும் சுவீடனிலும் ஒரு மீல் என்றால் 10 கிலோமீற்றர். அவர்களுக்கும் ஒரு காலத்தில் அடிக்கணக்கில் பழைய மைல் இருந்தது. நோர்வேயின் மைல் 11 கிலோமீற்றருக்குச் சற்று மேல், சுவீடனுடையது 10.7 கிலோமீற்றர் அளவில். மெற்றிக் முறைக்கு மாறியபோது பெயரை விட மனமில்லை. அளவைத் தட்டிச் சரியாக 10 ஆக்கிவிட்டு, பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே ஆட்கள் தூரத்தை மீலில்தான் சொல்கிறார்கள். 50 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்துக்கு அவர்கள் வாயில் 'அஞ்சு மீல்' என்றே பெயர்.

ஆகவே அம்மாவின் ஐந்து மைல் சாம்பல்தீவில் நிற்க, பேத்தியின் ஐந்து மீல் கந்தளாயைத் தாண்டிப் போகும். பெண்களுக்கு அந்தத் தூரம் ஒலிம்பிக்கில் கிடைத்தது இந்த முறைதான். 2022 பெய்ஜிங் வரை அவர்களுடைய நீண்ட ஓட்டம் 30 கிலோமீற்றர். பிள்ளை குதித்ததில் நியாயம் இருக்கிறது.

மைல் என்ற சொல்லை நம்பி ஏமாறுவதற்குத் திருகோணமலைக்காரருக்கு ஒஸ்லோ வரை போகத் தேவையில்லை. தரையில் ஒரு மைல் 1609 மீற்றர். கடலில் இறங்கினால் அதே மைல் 1852 மீற்றர். துறைமுகத்தில் வேலை செய்பவரும், ஆழ்கடலுக்குப் போகும் மீனவரும் சொல்லும் மைல் இந்த இரண்டாவது. "பத்து மைல் வெளியே" என்று ஒரு மீனவர் சொன்னால் 16 கிலோமீற்றர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது பதினெட்டரை.

அப்புறம் நம்முடைய கட்டைகள். நிலாவெளி வீதியில் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று இடங்களுக்குப் பெயர். கட்டை என்றால் வீதியோரம் நட்டிருந்த மைல்கல். மூதூர்ப் பக்கம் 64ஆம் கட்டை இருக்கிறது. அந்த எண் திருகோணமலையிலிருந்து தொடங்கவில்லை என்பது பார்த்தவுடனே விளங்கும். வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஆறாம் கட்டையை யாரும் 9.7ஆம் கிலோமீற்றர் என்று மாற்றிக் கூப்பிடவில்லை. பஸ் நடத்துநருக்கு அப்படிச் சொல்லிப் பாருங்கள், இறக்கவே மாட்டார். ஆறாம் கட்டை இப்போது தூரம் அல்ல, ஊர்ப்பெயர். ஓர் எண் அளவாக நிற்கிறதா, பெயராக நிற்கிறதா என்று பார்க்காமல் அதை மாற்றக் கூடாது.

குளிர்கால விளையாட்டுகளில் இப்படிப் பெயராகிப்போன எண்கள் நிறைய. கேர்ளிங் என்று ஒன்று உண்டு. வழவழவென்ற கருங்கல் ஒன்றைப் பனித்தரையில் தள்ளிவிட்டு, முன்னால் இரண்டு பேர் தும்புத்தடி போன்ற ஒன்றால் பரபரவென்று தேய்த்துக்கொண்டு போவார்கள். முதல் தடவை பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும், மூன்றாம் நாள் விடமாட்டார். அந்தத் தளத்தின் நீளம் 45.72 மீற்றர். கல்லின் எடை 19.96 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. யாராவது உட்கார்ந்து யோசித்து 45.72 என்ற எண்ணைத் தேர்ந்தெடுப்பார்களா? அது 150 அடி. 19.96 கிலோ என்பது 44 இறாத்தல். விளையாட்டு ஸ்கொட்லாந்தில் வளர்ந்தது, அளவு அடியிலும் இறாத்தலிலும் பிறந்தது. மெற்றிக் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீற்றர் என்று எங்காவது வாசித்தால் நமக்குள் ஒருவன் உடனே "22 யார்ட்" என்று சொல்வான் அல்லவா, அதே கதை.

ஐஸ் ஹொக்கியில் இது வெறும் வேடிக்கையாக நிற்காமல் வில்லங்கமாகவும் ஆனது. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் தளம் 200 அடிக்கு 85 அடி, மெற்றிக்கில் 60.96 மீற்றருக்கு 25.9 மீற்றர். சர்வதேச விதி முழு எண்ணில் 60 மீற்றர் என்கிறது. 2014க்குப் பிறகு முதல் தடவையாக அந்த லீக்கின் வீரர்கள் ஒலிம்பிக்குக்கு வந்தார்கள், மிலானில் கட்டிய தளம் 60க்கு 26. நீளம் 3 அடிக்குச் சற்று மேல் குறைவு என்று அங்கே பெரிய பேச்சு. யாரும் தவறாக அளக்கவில்லை. ஒருவருக்கு 200 முழு எண், இன்னொருவருக்கு 60 முழு எண். இரண்டு முழு எண்களும் ஒரே இடத்தில் வந்து விழாது.

இந்த 96 சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு எண் போதும்: ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். இது ஏறத்தாழ அல்ல, சரியாக. 1959ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்க அங்குலத்துக்கும் பிரித்தானிய அங்குலத்துக்கும் நடுவில் மயிரிழை அளவு வேறுபாடு இருந்தது. அந்த வருடம் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் சேர்ந்து 2.54 என்று முடிவுகட்டின. ஆகவே இன்று அடிக்கும் மீற்றருக்கும் இடையில் கணக்கில் எந்தத் தகராறும் இல்லை. தகராறு எல்லாம் நாம் அந்தக் கணக்கைச் செய்யும் விதத்தில்.

ஸ்கீ ஜம்பிங்கை எடுத்துக்கொள்வோம். உயரமான சரிவில் வழுக்கி வந்து, விளிம்பில் எகிறி, காற்றில் மிதந்து கீழே இறங்குவது. உலக சாதனை 254.5 மீற்றர். 2025 மார்ச்சில் சுலோவேனியாவின் பிளானிட்சாவில் டொமன் பிரேவ்ட்ஸ் பாய்ந்தது. பன்னிரண்டரைக் கிரிக்கெட் பிட்சுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம். நம் கோணமலை உச்சியிலிருந்து கடலுக்கு 400 அடி என்று சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், அங்கேயுள்ள இராவணன் வெட்டின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

இதைக் கணினியில் போட்டு அடியாக மாற்றினால் 834 அடி 11.7 அங்குலம் என்று வரும். அப்படியே எழுதிவிட ஆசைதான், பார்க்கவே துல்லியமாக இருக்கிறது. ஆனால் ஸ்கீ ஜம்பிங்கில் தூரத்தை அரை மீற்றருக்கு ஒரு தடவைதான் பதிவார்கள். 254, 254.5, 255, அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் கிடையாது. அரை மீற்றர் என்பது ஒன்றரை அடிக்கும் மேல். ஒன்றரை அடிக் கோலால் அளந்த ஒன்றுக்கு, அங்குலத்தின் பத்தில் ஏழு பங்கு எங்கிருந்து வந்தது? அளந்தவர் தரவில்லை, கல்குலேற்றர் தந்தது. 835 அடி என்று எழுதினாலே தாராளம்.

பள்ளிக்கூடத்தில் மட்டந்தட்டல் என்று ஒரு பாடம் படித்தோமே, பரீட்சைக்கு நாலு புள்ளி தந்துவிட்டு மறந்துபோன பாடம், அது இங்கேதான் உதவும். மாற்றியபின் கிடைக்கும் எண், மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணைவிடக் கூர்மையாக இருக்கக் கூடாது. 50 கிலோமீற்றர் ஓட்டத்தை 31.07 மைல் என்று சில செய்திகளில் எழுதுகிறார்கள். அது காட்டுக்குள்ளும் மேட்டிலும் பள்ளத்திலும் போகும் பனிப்பாதை. பனி நிலைமை பார்த்துப் போட்டது, ஓடுகளம் போல மில்லிமீற்றரில் அளந்தது அல்ல. அதனால்தான் மரதனுக்கு இருப்பதுபோல அந்த ஓட்டத்துக்கு உலக சாதனை நேரம் என்று ஒன்றே கிடையாது. 31 மைல் போதும். தசம் பூச்சியம் ஏழு யாருக்கு?

மறுபக்கம், துல்லியம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. பனித்தளத்தைச் சுற்றி ஓடும் ஷோர்ட் ட்ராக் ஸ்கேட்டிங்கின் ஒரு சுற்று 111.12 மீற்றர். ஒன்பது சுற்று ஓடினால் 1000 மீற்றரும் எட்டு சென்ரிமீற்றரும். இந்த எண்ணைப் பார்த்ததும் கடல் தெரிந்தவருக்கு ஒரு பொறி தட்டும். 60 கடல் மைல், அதாவது அகலாங்கில் ஒரு பாகை, 111.12 கிலோமீற்றர். தற்செயல்தான். ஆயிரத்தை ஒன்பதால் பிரித்த கதை ஒன்று, பூமியைப் பாகையாகப் பிரித்த கதை மற்றொன்று. ஆனாலும் எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, உயரத்துக்கு வருவோம். இதில் அடிபட்ட அனுபவம் எனக்கே இருக்கிறது.

நம் ஊரில் ஒரு பிள்ளையின் உயரம் கிளினிக்கில் சென்ரிமீற்றரில் தொடங்குகிறது. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து வருவார்கள். அதே பிள்ளை வளர்ந்து கலியாணப் பேச்சு வந்ததும் ஒரே இரவில் அடிக்கும் அங்குலத்துக்கும் மாறிவிடும். யாரும் "மாப்பிள்ளை நூற்று எழுபத்தெட்டு" என்று சொல்வதில்லை. "அஞ்சு பத்து" என்றால்தான் ஆள் கண்ணுக்குத் தெரிவார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சொந்தக்காரப் பொடியனின் விபரக்கோவையை நான்தான் தட்டச்சு செய்தேன். அவனுக்கு நோர்வேயின் பேர்கனில் வேலை. அனுப்பிய தாளில் உயரம் 1.78 என்று இருந்தது. 1.78 மீற்றர் என்றால் 5 அடி 10 அங்குலம், கணக்கில் நான் பிழைவிடவில்லை. பல இடங்களுக்கு அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று எக்செல் அட்டவணையில் 5.10 என்று அடித்தேன். எக்செலுக்கு 5.10 என்பதும் 5.1 என்பதும் ஒன்று. கடைசிப் பூச்சியத்தைத் தின்றுவிட்டது. பெண் வீட்டில் அதை 5 அடி 1 அங்குலம் என்று வாசித்தார்கள். பெண் 5 அடி 4. "பொடியன் நல்ல பொடியனாம், ஆனால் ஆள் கட்டை" என்று பதில் வந்தது. கடவுளே, ஒரு பூச்சியம் போனதில் மனுஷன் 23 சென்ரிமீற்றர் குறைந்துவிட்டான். அண்ணி இன்னமும் என்னிடம் ஒரு தாளும் தட்டச்சுக்குத் தருவதில்லை.

பிழை எக்செலுடையது அல்ல. பேச்சில் "அஞ்சு பத்து" என்பது இரண்டு எண்கள்: ஐந்து அடி, பத்து அங்குலம். எழுதும்போது நடுவில் ஒரு புள்ளியை வைத்து அதை ஒரே எண்ணாக்கி விடுகிறோம். அடியில் பன்னிரண்டு அங்குலம், தசமத்தில் பத்துப் பங்கு. இரண்டும் ஒட்டாது. 5.7 அடி என்று தேடுபொறியில் போட்டால் 173.7 சென்ரிமீற்றர் என்று வரும். நீங்கள் நினைத்த 5 அடி 7 அங்குலமோ 170.2. மூன்றரை சென்ரிமீற்றர் காற்றில் வந்தது. 5.11 இன்னும் மோசம். எண்ணாகப் பார்த்தால் அது 5.2ஐ விடச் சிறியது, ஆளாகப் பார்த்தால் ஒன்பது அங்குலம் பெரியவர். புள்ளியை விட்டுவிட்டு "5 அடி 7 அங்குலம்" என்று முழுதாக எழுதுவதில் ஒரு நட்டமும் இல்லை.

மனதில் மாற்றுவதற்கு ஒரு சுருக்கு வழி. நாலு அங்குலம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். 5 அடி 3 அங்குலம் 160. அதிலிருந்து நாலு நாலாக ஏறுங்கள்: 5 அடி 7 என்றால் 170, 5 அடி 11 என்றால் 180. கீழே இறங்கினால் 4 அடி 11 என்பது 150. மூன்று, ஏழு, பதினொன்று என்று வாய்க்குள் சொல்லி வைத்தால் போதும். இடையில் இருப்பவர்களுக்கு அங்குலத்துக்கு இரண்டரை வீதம் கூட்டிக்கொள்ளலாம். நாலு அங்குலம் உண்மையில் 10.16, ஆகவே மேலே போகப்போகக் கொஞ்சம் வழுவும். 6 அடி 3 என்று வரும்போது 190க்குப் பதில் 190.5. அந்த உயரத்தில் நம் வீட்டில் யாரும் இல்லை என்பதால் பரவாயில்லை.

ஒன்று மட்டும். 174 சென்ரிமீற்றர் உள்ளவருக்கு அடிக்கணக்கில் வீடே இல்லை. 5 அடி 8 அவருக்குக் குறைவு, 5 அடி 9 கூடுதல். மேலே தட்டி 5 அடி 9 என்று எழுதி, பிறகு யாராவது அதைத் திரும்பவும் சென்ரிமீற்றராக்கினால் 175 ஆகிவிடுவார். போய் வந்த ஒரு மாற்றத்தில் ஒரு சென்ரிமீற்றர் வளர்ச்சி. சென்ரிமீற்றரில் அளந்திருந்தால் அந்தத் தாளையே கையில் வைத்திருங்கள், திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள். இதற்காகச் சண்டை போடவும் தேவையில்லை. காலையில் எழும்பும்போது இருக்கும் உயரம் மாலையில் இருப்பதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள் நாள் முழுக்க அமுங்கி, ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் குறையலாம். 182.88 என்று உயரம் எழுதும் வீரரை நான் நம்பமாட்டேன். அவரை யாரும் அப்படி அளக்கவில்லை, "ஆறடி" என்று சொன்னதை யாரோ பெருக்கியிருக்கிறார்கள்.

ஆனால் பனிச்சறுக்குக் கடையில் இந்தச் சென்ரிமீற்றருக்கு மதிப்பு உண்டு. அங்கே உயரத்தை வைத்துத்தான் சாமான். பழைய பாணி நெடுந்தூர ஓட்டத்தில் கைத்தடியின் நீளம், சப்பாத்துடன் அளந்த உயரத்தில் 83 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச விதி. ஸ்கீ ஜம்பிங்கில், எடையும் போதுமானதாக இருந்தால், ஸ்கீ பலகை உயரத்தின் 145 வீதம் வரை இருக்கலாம். 180 சென்ரிமீற்றர் ஆளுக்கு 261 சென்ரிமீற்றர். பலகை நீண்டால் காற்றில் தாங்கும் பரப்புக் கூடும், தூரமும் கூடும். உயரத்தில் ஓர் அங்குலம் பிழைத்தால் பலகையில் 3.7 சென்ரிமீற்றர் பிழைக்கும். அங்கே "அஞ்சு பதினொன்று இருக்கும்" என்ற பேச்சு எடுபடாது, சுவரோடு நிறுத்தி அளந்துவிடுவார்கள்.

திருக்கடலூரில் ஒரு மீனவர் தூண்டில் கயிற்றை இழுத்து எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையையும் விரித்து ஒரு பிடி, அது ஒரு பாகம். மடக்கி, விரித்து இன்னொரு பிடி, இரண்டு பாகம். ஆங்கிலேயர் தங்கள் பழைய கடல் வரைபடங்களில் ஆழத்தைக் குறித்த அளவும் இதே கை விரிப்பில் பிறந்ததுதான். அதை அவர்கள் 6 அடி என்று நிறுத்திவிட்டார்கள், 1.83 மீற்றர். விரித்த கையின் நீளம் ஏறக்குறைய ஆளின் உயரம். நான் பார்த்த மனுஷன் 5 அடி 4 இருப்பார். அப்படியானால் அவருடைய பத்துப் பாகம் 16 மீற்றர் சொச்சம், வரைபடத்தின் பத்துப் பாகம் 18 மீற்றருக்கு மேல். அவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கயிறு எண்ணுவதும் அவர், இறக்குவதும் அவர். மகன் ஆறடியாக வளர்ந்து அதே கயிற்றை எண்ணத் தொடங்கும்போதுதான் வீட்டில் கணக்கு வித்தியாசப்படும்.

அன்றைக்கு வட்ஸ்அப்பில் மீல் கணக்கை அம்மாவுக்கு விளக்கப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை, அந்த வேலையை என்னிடம் தந்துவிட்டாள். நான் அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, அது சாம்பல்தீவு இல்லை. கந்தளாய் தாண்டி, குளத்துக்கும் அங்கால. பனிக்குள்ள."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா:

"அப்ப திரும்பி வர பஸ் இருக்கோ?"